யானை இறங்கிய பக்கம்

குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத் தோட்டமும் என் மூத்த ஓரகத்தியின் தோட்டமும் ஓடையின் இரு கரைகளில் இருக்கின்றன. நாங்கள் கரை வரைக்கும் மரங்களை வெட்டிச் செடி வைத்து, சோலார் வேலி போட்டோம். அவள் தன் கரைக் காட்டைத் தொடவில்லை. அதனால் யானைகள் அவள் பக்கமாகவே தண்ணீருக்கு இறங்கின.

ஒரு கோடையில் தாய் யானை ஒன்று குட்டியோடு வந்தது. பார்த்தவர்களெல்லாம் ஓரகத்தியைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"செடிய மிதிச்சுப்புடாதாக்கா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"மிதிக்கும்தான். குட்டி தண்ணியில உருள்றதப் பாத்தா செடி ஞாபகமா வரும்? நீயும் வா ஆத்தா" என்றாள்.

நான் போகவில்லை. ஓடைப் பக்கத்து வேலியைக் கழற்றும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"அவுக பக்கம் மட்டுந்தான் யானை வரணுமாக்கும்?"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். கரையோரச் செடிகளை எடுத்துவிட்டு, அங்கே காடு முளைக்க விட்டோம். அக்கரையில் யானை பிளிறும்போதெல்லாம் நான் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினேன்.

அடுத்த வருஷ மழைக்குப் பிறகு, ஒரு விடியலில் அந்தத் தாயும் குட்டியும் எங்கள் கரையில் நின்றன. குட்டி கரைக்கு மேலேறி, தோட்டத்து ஏலச் செடி ஒன்றைப் பிடுங்கி எறிந்தது. வாயைத் திறக்கப்போன வீட்டுக்காரரின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

வெயில் ஏறியதும் ஓரகத்தி வீட்டுக்குப் போய், "எங்க பக்கமும் வந்துச்சுக்கா" என்றேன். அவள் முகம் லேசாகச் சுருங்கியது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.