பாதி பாஸில் ஒரு கான்ஃபரன்ஸ்

1. செத்துப்போன மெஷின்

மந்தைவெளி கேஸ் ஏஜென்சியின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை உயிரை விட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லஸ் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் ப்ரோக்ராமர். முதலாளி ரகுநாதன் சார், பாஸ்கர், நான், அவ்வளவுதான் கம்பெனி. அந்த ஏஜென்சிதான் எங்களுடைய முதல் கஸ்டமர். யார் எப்போது சிலிண்டருக்குப் பதிந்தார்கள், அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் நான் கோபோலில் எழுதிய ப்ரோக்ராமில் இருந்தது.

மெஷின் பழசு. ஏதோ ஒரு வங்கி கழித்துக் கட்டியதை ஏஜென்சி முதலாளி தணிகாசலம் ஏலத்தில் எடுத்திருந்தார். அது போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் தினமும் சாயங்காலம் கார்ட்ரிட்ஜ் டேப்பில் பேக்கப் எடுத்துவிடுவோம். மாற்றுவதற்குப் புது மெஷின்கூட வாங்கி, யூனிக்ஸ் போட்டுத் தயாராக வைத்திருந்தோம். ஆகவே நான் பதறவில்லை. டேப்பைப் புது மெஷினில் செருகி, படிக்கச் சொன்னேன். திரையில் வந்தது இது: 'அவுட் ஆஃப் ஃபேஸ், கெட் ஹெல்ப்.'

இவ்வளவு யோக்கியமான எரர் மெசேஜை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்ன கோளாறு என்று சொல்ல அதற்கே தெரியவில்லை. யாரையாவது போய்க் கூப்பிடு என்கிறது.

யாரைக் கூப்பிடுவது? பழைய மெஷினைச் செய்த கம்பெனி ஊரை விட்டே போய்விட்டது. புதன், வியாழன் இரண்டு நாளும் டிரைவை மாற்றிப் பார்த்தேன், டேப்பை மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே பதில். அதற்குள் கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு மாமி கம்பிக்குள் கையை விட்டு மேஜையைத் தட்டினார்.

"ஆத்துல ஞாயித்துக்கிழமை சீமந்தம். ரெண்டு சிலிண்டரும் காலி. உங்க கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்லேன்னா நான் விறகு வாங்கிண்டு போகணுமா?"

தணிகாசலம் அந்த மாமியை எப்படியோ சமாளித்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா உமா, திங்கக்கிழமை காலை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல தாங்காது. வேற ஆளை வெச்சு எல்லாத்தையும் புதுசா ஆரம்பிச்சுடுவேன், ஆமா."

அடையாறிலும் சைதாப்பேட்டையிலும் இன்னும் இரண்டு ஏஜென்சிகள், இது எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு எங்களிடம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இது போனால் அவையும் போகும். அப்புறம் லஸ்ஸில் மாடி எதற்கு, நாங்கள் எதற்கு?

2. லஞ்ச் யாருக்கு

அந்தச் சனிக்கிழமை தி. நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் கம்ப்யூட்டர் கான்ஃபரன்ஸ். கட்டணத்தைப் பார்த்து ரகுநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒரே ஒரு பாஸ் வாங்கினார். பேட்ஜில் ஆள் பெயர் கிடையாது, கம்பெனி பெயர் மட்டும்தான். அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று.

"காத்தால உமா, மத்தியானம் பாஸ்கர். சிங்கப்பூர்லேர்ந்து யூனிக்ஸ் எக்ஸ்பர்ட் ஒருத்தர் பேசறார். உமா, நீ அவரைப் பிடிச்சு நம்ம டேப் சமாசாரத்தைக் கேட்டுண்டு வந்துடு. மத்ததெல்லாம் அப்பறம்."

லஞ்ச் யார் கணக்கு என்பதில்தான் தகராறு. "மத்தியானம்னா பன்னெண்டு மணிக்கு மேல மேடம், காலண்டர்லயே போட்டுருக்கு" என்று பாஸ்கர் வாதாடி ஜெயித்துவிட்டான்.

3. உள்ளே

நான் போன முதல் கான்ஃபரன்ஸ் அது. ஏ.சி. குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் கிளையண்ட் சர்வர், கிளையண்ட் சர்வர் என்றார்கள். எங்கள் கிளையண்ட் மந்தைவெளியில் மாமிகளிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

டீ பிரேக்கில் எல்லோரும் முதலில் பேட்ஜைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தை. கேள்விப்படாத கம்பெனி என்று தெரிந்ததும் ஒரு புன்னகை, ஒரு கார்டு, அடுத்த ஆள். யாருடைய மெஷினும் எங்கேயும் நின்றதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் எல்லாமே பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் நடுவில் 'என் டேப் படிக்க மாட்டேன் என்கிறது' என்று வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

இருந்தாலும் சிங்கப்பூர்க்காரரைச் சுற்றி நின்ற டை கட்டியவர்களுக்கு நடுவே புகுந்து கேட்டுவிட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். அந்த மெஷினை அவர் தொட்டதே இல்லையாம். அதைச் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்கச் சொல்லி, பளபளவென்று ஒரு கார்டும் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சிலிண்டர் அனுப்ப முடியுமா?

4. வெளியே

லஞ்ச் மணி அடிப்பதற்கு முன்பே பாஸ்கர் வாசலில் நின்றான். பேட்ஜைக் கழற்றி அவன் சட்டையில் குத்திவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். பசி ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

பக்கத்தில் கோடு போட்ட சட்டை போட்ட ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். என் தலைப்பில் பேட்ஜ் குத்தியிருந்த சுருக்கத்தைப் பார்த்தார்.

"மேடம், ஃபர்ஸ்ட் ஹாஃப் முட்ச்சிட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்தார். "பயப்படாதீங்க. நானும் ஃபர்ஸ்ட் ஹாஃப்தான். தோ, இவரு செகண்ட் ஹாஃபு, பாஸுக்கு வெய்ட் பண்ணிக்கினு கீறாரு. அந்தப் பக்கம் சிகரெட்டு புடிக்கிறாரே, அவரும்தான்."

ஒரு பாஸ், இரண்டு ஆள் என்பது ரகுநாதன் சாரின் சொந்த மூளை என்று நான் நினைத்திருந்தேன். ஊரில் இருக்கிற சின்னக் கம்பெனி எல்லாவற்றுக்கும் அதே மூளை. அந்த டீக்கடையில் ஏழெட்டுப் பேர், பாதிப் பாஸ்காரர்கள், பேட்ஜ் இல்லாமல் நின்றிருந்தார்கள். உள்ளே வாயே திறக்காதவர்கள் இங்கே ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்தார்கள். ஒருவருக்குப் பிரின்டர் பாதிப் பில்லில் நிற்கிறதாம். இன்னொருவருடைய ப்ரோக்ராம் அமாவாசையன்று மட்டும் படுத்துவிடுகிறதாம். எனக்கும் தைரியம் வந்து, டேப் கதையைக் கொட்டினேன்.

பஜ்ஜிக்காரர் பெயர் செல்வராஜ். அசோக் நகரில் எங்களைப் போலவே ஒரு சின்னக் கம்பெனி வைத்திருந்தார். "கடசீல இன்னா மெசேஜ் குட்த்துச்சு?" என்றார்.

சொன்னேன். டீக்கடையே சிரித்தது.

"பழைய மெஷின் மோட்டரோலா சிப்பா?"

"ஆமா."

"அப்போ டேப்புல ஒண்ணும் கோளாறு இல்ல மேடம். அந்த மெஷினு எழுதசொல்ல, பைட்டுங்க ஜோடி ஜோடியா எடம் மாறி ஒக்காந்துக்கினு கீது. புதுசுக்கு அது புரியல. டிடி கமாண்ட் போட்டு ஸ்வாப் ஆப்ஷன் குடுங்க. அது ரெண்டு ரெண்டா திருப்பி வெச்சிரும். அத்த அப்டியே டேப்பு படிக்கிற சிபிஐஓவுக்கு பைப் பண்ணுங்க. இதுக்காண்டி நான் ஒரு மாசம் தூக்கம் இல்லாம கெடந்தேன்."

எனக்கு அவர் காலில் விழலாமா என்று இருந்தது. "எந்த சைட்டு?" என்று கேட்டார்.

"மந்தைவெளி கேஸ் ஏஜென்சி."

பஜ்ஜி பாதி வழியில் நின்றது. "தணிகாசலம் சாரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கெழம காலைல என்னிய தானே வரச் சொல்லிக்கீறாரு!"

சிகரெட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். செல்வராஜ் கையில் இருந்த எண்ணெயைப் பேப்பரில் துடைத்தார்.

"இன்னா பண்றது, சொல்ட்டேனே. போங்க மேடம், போய்ப் போட்டுப் பாருங்க. படிக்கலேன்னா நான்தான் வரப்போறேனே!"

ஆட்டோக்காரர் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தது என் வாழ்க்கையிலேயே அன்று ஒரு நாள்தான். ஏஜென்சிக்குப் போய் அந்த ஒரு வரியை அடித்தேன். டேப் சுற்றியது. ஒரு ஃபைல் பெயர் வந்தது, அடுத்தது வந்தது, பிறகு திரை நிறைய ஓடியது. ப்ரோக்ராமைத் திறந்தால் மந்தைவெளி மொத்தமும் வரிசை தப்பாமல் நின்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமியின் சிலிண்டரை அன்றைக்கே வண்டியில் ஏற்றினோம்.

5. திங்கட்கிழமை

காலையில் நான் கவுன்டருக்குள் இருந்தேன். தணிகாசலம் முகமெல்லாம் பல்லாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தில், வரச் சொன்ன ஆளை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டார். செல்வராஜ் ஃப்ளாப்பி டப்பாவோடு சரியாக வந்து நின்றார்.

என் முன்னால் அவரைப் பார்த்ததும் தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "வாங்க, வாங்க... இவரு... சிலிண்டர் புக் பண்ண வந்திருக்காரும்மா."

செல்வராஜ் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஆமா மேடம். ஒரு சிலிண்டரு."

"கன்ஸ்யூமர் நம்பர் சொல்லுங்க சார்" என்றேன்.

"மறந்துட்டேனே மேடம்."

அவர் அப்படியே திரும்பிப் போயிருப்பார். நான் சும்மா இருந்திருந்தால் போதும். தணிகாசலத்துக்கு நான்தான் கெட்டிக்காரி, கஸ்டமர் எங்களுக்குத்தான். உண்மையைச் சொன்னால் 'அப்படியென்றால் இவரையே வைத்துக்கொள்கிறேன்' என்று அவர் சொல்லிவிடலாம். லஸ் மாடியும், ரகுநாதன் சாரும், பாஸ்கரும் ஒரு நொடி கண்ணில் வந்து போனார்கள்.

"சார், டேப்பைப் படிக்க வழி சொன்னது இவர்தான்" என்று சொல்லிவிட்டேன்.

தணிகாசலம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்போ நான் எதுக்கும்மா உங்களை வெச்சிருக்கேன்?"

நான் பயந்த கேள்வி அதுதான். பதில் செல்வராஜிடமிருந்து வந்தது. "சார், நான் சொன்னது ஒரே ஒரு வரி. ப்ரோக்ராம் ஃபுல்லா அவங்க எழுதனது. தெனம் டேப்பு எட்த்து வெச்சாங்களே, அது இல்லேன்னா நான் வந்து இன்னாத்த படிக்கறது? இவங்கள உட்டுட்டு என்னிய கூப்ட்டீங்கன்னா, நானும் முட்டிக்கினா இவங்களத்தான் கேக்கணும்."

தணிகாசலம் உள்ளே குரல் கொடுத்து மூன்று காபி கொண்டுவரச் சொன்னார். அந்த மாதத்துக்குள் அடையாறும் சைதாப்பேட்டையும் எங்களிடம் வந்தன.

இப்போது கான்ஃபரன்ஸுக்குப் போகும் பிள்ளைகள், நெட்வொர்க்கிங் எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். எதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் கார்டுதான் கிடைக்கும். எது ஓடவில்லை என்று சொல்லிப் பாருங்கள், ஆள் கிடைப்பார். கிடைத்த ஆளுடைய பெயரை, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தணிகாசலம் எங்களிடம்தான் இருந்திருப்பார். ஆனால் நான் ஓய்வு பெறும் வரை எந்த மெஷின் நின்றாலும் முதல் போன் அசோக் நகருக்கு, செல்வராஜுக்குப் போயிற்றே, அது போயிருக்காது. அவருடைய மெஷின் நின்றபோதெல்லாம் அவர் எனக்குச் செய்த போனும் வந்திருக்காது.