புருஷன் மூச்சிரைப்பைச் சொல்லப் போனவள்

ஹோண்டுராஸ் மலைக்காட்டில் இருக்கும் அந்த ஊருக்கு அமெரிக்கப் பட்டாளத்தின் மருத்துவ முகாம் வந்தால், வீட்டுக்கு ஒருவர்தான் இறங்கிப் போவது வழக்கம். மற்றவர்களுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை கிடக்குமே! போகிறவர் வீட்டிலுள்ள எல்லார் நோவையும் தன் நோவென்று சொல்லி மருந்து வாங்கி வந்துவிடுவார். இதில் எதெல்வினா பலே கெட்டிக்காரி. கொழுந்தன் முதுகுவலிக்காக அவள் கூனிக் குறுகி நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த முறை விளையாட்டில்லை. புருஷன் திபுர்சியோவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

"யோவ், நீயே வந்து காட்டேன்."

"பட்டாளத்துக்காரன் கூடாரத்துக்கா? போடி. எப்பவும் போல நீயே போய்ச் சொல்லு."

பாவி மனுஷன், அவன் பயம் அவனுக்கு. பையனாகப் பந்து விளையாடிக்கொண்டிருந்தவனை உள்நாட்டுப் பட்டாளம் துப்பாக்கியைக் காட்டி, ஆள் சேர்க்கவென்று லாரியில் அள்ளிக்கொண்டு போயிருந்தது. திரும்பி வந்தவன் அதைப் பற்றி எதெல்வினாவிடம்கூட வாயைத் திறந்ததில்லை. சீருடையைக் கண்டால் காப்பிச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வான்.

எதெல்வினாவே போனாள். சீருடை போட்ட டாக்டரம்மா முன்னால் மூச்சு வாங்கிக் காட்டினாள். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள், காலை அமுக்கிப் பார்த்தாள், சிரித்தாள்.

டாக்டரம்மாவின் இங்கிலீஷை ஊர் டீச்சர் நோரா ஊர்ப் பாஷையில் எடுத்துச் சொன்னாள். "அக்கா, உங்க நெஞ்சு கல்லுக்குண்டா இருக்காம். மருந்தே வேணாமாம்."

நல்ல சேதி கேட்டு அழுதவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். "என் நெஞ்சு இல்ல டீச்சர், எங்க வீட்டுக்காரர் நெஞ்சு! மாத்திரையைக் குடுக்கச் சொல்லுங்க."

டாக்டரம்மாவின் சிரிப்பு போய்விட்டது. ஆளைப் பார்க்காமல் அந்த மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றாள். மருந்தில்லாமல் அவரை விட்டுவைத்தாலும் ஆபத்துதானாம். சாயங்காலம் முகாம் கிளம்பிவிடும்.

எதெல்வினா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

"உன் நோவை என் உடம்புல காட்ட முடியலய்யா. நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது? எந்திரி!"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிறகு தொப்பியைத் தேடினான்.

உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி அவர்கள் வந்தபோது கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கையசைத்துக் கூப்பிட்டாள். திபுர்சியோ தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். அப்படியே நடந்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டரம்மா கேட்டாள். நோரா எதெல்வினாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எதெல்வினா போய் அவன் கைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள். ஒரு கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, மற்றதை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"அவரேதான் வந்திருக்காரு," என்றாள். "பாருங்க."