சனிக்கிழமையானால் ஊமையாகும் கம்ப்யூட்டர்

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சில மாதங்களாகச் சனிக்கிழமை காலை வகுப்பு என்றாலே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் சத்தம் வராது. பிள்ளைகள் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மாணவியின் அம்மா, "வேற டீச்சர் பார்த்துக்கறோங்க" என்றே சொல்லிவிட்டார்.

தென்னூர் மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார். அதற்குள் சத்தம் தானாகவே வந்திருக்கும். "விண்டோஸ் கோளாறு மேடம்" என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவார். என் பாடங்களும் அதோடு போயின. சனிக்கிழமை மறுபடி ஊமை.

போன வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பூஜை முடித்த என் கணவர், வாராவாரம் செய்வதுபோல், பீரோ, மிக்ஸி, கம்ப்யூட்டர் என்று வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்தார். சட்டென்று பாட்டு நின்றது. பார்த்தால், ஹெட்போன் செருகும் ஓட்டையில் ஈரச் சந்தனம்!

"வட்டமா, பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சு" என்கிறார். டூத்பிக்கால் நோண்டினேன். பழைய சந்தனமும் குங்குமமும் செத்த எறும்புமாக வந்தது. சே! ஈரம் காயும்வரை ஹெட்போன் செருகியிருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை நிறுத்தி வைத்திருக்கிறது. பெட்டி முகமெல்லாம் குங்குமம், அது கண்ணில் படாதவர் ஒரு மெக்கானிக்!

இப்போது சத்தம் நின்றால் முதலில் டார்ச் அடித்து ஓட்டையைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணம் என் கையில். பொட்டு அவர் நெற்றிக்கு மட்டும்தான். அங்கேயாவது ஓட்டை கிடையாது.