தனியாகப் புறப்பட்டுப் போன தாலி

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாத விடுமுறையில், இத்தாலியின் சிசிலித் தீவில் நடந்த சம்பவம் இது. நாங்கள் ஜேர்மனியில் எசன் நகரில் இருப்பவர்கள். என் தம்பிக்குப் பலேர்மோவில் பெண் அமைந்தது. எசனில் இருப்பதுபோல் அங்கேயும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய. கல்யாண மண்டபம் பெண் வீட்டார் பொறுப்பு என்பதால் கல்யாணம் பலேர்மோவிலேயே. மாப்பிள்ளை வீட்டாரான நாங்கள் மட்டும், வந்ததுதான் வந்தோம் கடலிலும் குளித்துவிட்டுப் போவோம் என்று, கார் ஓட்டத்தில் ஒரு மணி நேரம் தள்ளி, செஃபலு என்ற சின்னக் கடற்கரை ஊரில் தங்கினோம். அது என் யோசனை. உறவினர் யாரும் அதை இன்றுவரை மறக்கவில்லை.

நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஆட்களுக்கு ரெர்மின், அதாவது வரவேண்டிய நேரம், குறித்துக் கொடுப்பதுதான் தொழில். நேரம் என்றால் எனக்கு மணிக்கூட்டில் இருப்பது மட்டும்தான். ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ராகு காலத்தை எதிர்த்துப் பேசுவது, சத்தமே கூடாத ஜேர்மனி ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் ட்ரில் போடுவது மாதிரி. செய்து பார்த்தவர்கள் மறுமுறை செய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் கிடைக்காததால் கல்யாணம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போயிருந்தது. திங்கள் என்றால் காலையிலேயே ராகு காலம் வந்துவிடும். அது முடிந்த கையோடு முகூர்த்தம். அதனால் ராகு காலம் தொடங்குவதற்கு முன்பே செஃபலுவிலிருந்து வெளிக்கிட்டுவிட வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. மாமா என்றால் அம்மாவின் தம்பி, டோர்ட்முண்டில் இருப்பவர். அப்பா இல்லாத வீட்டில் கல்யாணத்தை நடத்துவது அவர்தான். அதை அவர் எங்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

தாலிக்குப் பொன்னுருக்கியது எசனில், எங்கள் வீட்டு ஹோலில். நகை செய்பவர் சின்ன அடுப்போடு வந்து தங்கத்தை உருக்கத் தொடங்கியதும் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. மேல்வீட்டு ஜேர்மன் கிழவர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்து, கடைசியில் பயறும் பலகாரமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்று உருக்கிய தங்கத்தோடு அம்மா தன் ஒற்றைக் காப்பையும் சேர்த்துப் போட்டார். ஊரை விட்டு வந்தபோது கையில் மிஞ்சியிருந்த ஒரே நகை அது. வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. ஆகவே அந்தத் தாலிக்கொடி தொலைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம் என்ற கதைக்கே இடமில்லை.

கல்யாணத்தன்று வழக்கம்போல் யாரும் நேரத்துக்கு ஆயத்தமாகவில்லை. தம்பிக்குத் தலைப்பாகை சரிவரவில்லை. படம் பிடிப்பவர் வழி தவறிவிட்டார். ஆட்கள் போவதற்கு விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த வான் ஒன்று இருந்தது. அதை ஓட்டுவது என் கணவர். தம்பிக்கும் தோழனுக்கும், கூறைத் தட்டத்தோடு எனக்கும் என்று சாரதியுடன் ஒரு தனிக் காரை விடுதி மூலம் பதிவு செய்திருந்தோம். கறுப்புக் கார், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. சாரதி கழுத்துப்பட்டி கட்டிய வயதான மனிதர். அவருக்கு இத்தாலிய மொழி மட்டும்தான் தெரியும். மண்டபத்தின் முகவரியை விடுதிப் பெண் முதல் நாளே அவருக்குக் கொடுத்திருந்தாள்.

ராகு காலம் தொடங்கப் போகிறது, தம்பி இன்னும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பிள்ளை, தட்டத்தைக் கொண்டுபோய்க் காரிலை வை. கார் கேற்றைத் தாண்டினாச் சரி, நாங்கள் வெளிக்கிட்ட கணக்குத்தான். பிறகு எப்ப போனாலும் குற்றமில்லை."

பயணப் பெட்டியை நல்ல நேரத்தில் வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆட்கள் பிறகு ஆறுதலாகப் போவது எங்களில் உள்ள பழக்கம்தான். இம்முறை பெட்டிக்குப் பதில் கூறைத் தட்டம். நான் அதைப் பின் இருக்கையில் வைத்தேன். கூறைச் சேலை, அதற்கு மேல் தாலிக்கொடிப் பெட்டி, எல்லாவற்றையும் மூடிச் சிவப்புப் பட்டு. ஜேர்மனியில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? தட்டத்துக்கு சீற் பெல்ற்றையும் இழுத்துப் போட்டேன். என் கைப்பையை முன் இருக்கையில் வைத்தேன். அத்தை கற்பூரம் காட்டினார். சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்தோம். அம்மா தட்டத்தைப் பார்த்துக் கைகூப்ப, நாங்களும் வரிசையாக நின்று கைகூப்பினோம். மாமா சாரதியைப் பார்த்து, முன்னால் எடுங்கோ என்று கையை வீசினார்.

கார் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டியது. மாமா மணிக்கூட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கார் நிற்கவில்லை. கடற்கரை வீதியில் திரும்பி, அதே நிதானத்தோடு போய் மறைந்தது.

திருப்புவதற்கு இடம் தேடிப் போயிருப்பார் என்று நினைத்தோம். அப்படி நினைத்துக்கொண்டு நாங்கள் நின்ற நேரத்துக்கு அந்த ஊரையே இரண்டு முறை சுற்றி வந்திருக்கலாம். பிறகுதான் என் கணவர் ஓடிப்போய் வீதியைப் பார்த்துவிட்டு வந்தார். கார் இல்லை.

விடுதிப் பெண் பதறவே இல்லை. சாரதி பல வருடங்களாக இந்தப் பாதையில் ஓடுகிறவர், முகவரி கொடுத்த இடத்துக்குத்தான் போயிருப்பார் என்றாள். அவள் சொன்னது அப்படியே சரி. ஆனால் எங்களில் ஒருவர்கூட அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய தொலைபேசி எண் அவளிடம் இல்லை, கார் நிறுவனத்தின் அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. காரோடு போன கைப்பையில் இருந்த என் தொலைபேசிக்கு அடித்தோம். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

"கள்ளனுக்குக் கற்பூரமும் காட்டியெல்லோ அனுப்பி வைச்சிருக்கிறம்" என்றார் மாமா.

பொலிசுக்குச் சொல்லலாம் என்றார் என் கணவர். சாரதி எப்படி இருப்பார் என்று என்னிடம் கேட்டார். வேலையிடத்தில் ஒருமுறை வந்துபோன நோயாளியின் முகம்கூட எனக்கு மறக்காது. ஆனால் அந்த மனிதரின் முகத்தை எவ்வளவு யோசித்தும் கழுத்துப்பட்டி மட்டும்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் எல்லோரும் தட்டத்தையே பார்த்திருக்கிறோம், அவரைப் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை.

பெண் வீட்டாருக்கு அடித்து, கார் அங்கே வருகிறதா பார்க்கச் சொல்லலாம் என்றேன். எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். தாலி காணாமல் போனது என்ற சொல்லை முகூர்த்தத்துக்கு முன் பெண் வீட்டார் காதில் போடுவதா? அபசகுனம் என்பார்கள். அதைவிட, ஒரு தட்டத்தைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாத சனம் என்பார்கள். மாமாவுக்கு இரண்டாவதுதான் பெரிய பயம் என்று நினைக்கிறேன்.

வேறு வழியில்லாமல் எல்லோரும் வானில் ஏறினோம். ராகு காலத்தின் நட்டநடுவில்தான். அதைப் பற்றி அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. தலைப்பாகையோடு தம்பி இரண்டு அத்தைமாருக்கு நடுவில் நெருங்கி உட்கார்ந்திருந்தான். வலப்பக்கம் முழுக்கக் கடல். சுரங்கப்பாதைக்குள் போவோம், வெளியே வந்தால் திரும்பவும் அந்த நீலம். வேறு நாளாக இருந்தால் நிறுத்திப் படம் எடுத்திருப்போம். அன்று எல்லோருடைய கண்ணும் கறுப்புக் கார்களில்.

ஒரு அத்தை மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி முகூர்த்தத்தை ஒப்பேற்றலாம் என்று ஆறுதல் சொன்னார். அம்மா காப்பு இருந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டத்தை வைத்தது நான், பெல்ற் போட்டது நான், செஃபலு என்று சொன்னதும் நான். அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாதி வழியில் மாமாவின் தொலைபேசி அடித்தது. பெண்ணின் அப்பா.

"எடுங்கோ மாமா" என்றான் தம்பி.

"எடுத்து என்னத்தைச் சொல்லுறது? தாலி முன்னாலை போயிட்டுது, மாப்பிள்ளை பின்னாலை வாறார் எண்டோ?"

திரும்பவும் அடித்தது. மாமா தொலைபேசியை நிறுத்திச் சட்டைப்பையில் போட்டார்.

மண்டப வாசலில் அந்தக் கறுப்புக் கார் நிழலில் ஒழுங்காக நின்றது. உள்ளே ஆளும் இல்லை, தட்டமும் இல்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் மண்டபத்துக்குள் ஓடினேன்.

முன்வரிசைக் கதிரையில் சாரதி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கூறைத் தட்டம், அதைச் சுற்றி இரண்டு கைகள். சிவப்புப் பட்டு நான் மூடியபடியே இருந்தது. நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்துப்பட்டிக்கு மேல் ஒரு பூமாலை. பக்கத்தில் வடையும் கோப்பியும் ஆறிப்போய் இருந்தன. இரண்டு கையும் தட்டத்தில் இருந்தால் மனிதர் எதைக்கொண்டு சாப்பிடுவார்? என்னைக் கண்டதும் எழுந்து, தட்டத்தை நீட்டினார். அதை வாங்கி, பட்டுக்கு மேலாகத் தாலிக்கொடிப் பெட்டியைத் தடவிப் பார்த்தேன்.

பெண்ணின் அப்பா மாமாவிடம் வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. உங்கடை ஆள் எப்பவோ வந்திட்டார். பன்னீர் தெளிச்சு, மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். தட்டத்தை மட்டும் எவ்வளவு கேட்டும் தாறார் இல்லை. குடுத்த ஆளிட்டைத்தான் குடுப்பாராம். அதைச் சொல்லத்தான் உங்களுக்கு அடிச்சனான், நீங்கள் எடுக்கேல்லை. உதென்ன, தட்டத்தைக் காவலோடை முன்னுக்கு அனுப்புறது ஜேர்மனியிலை வழக்கமோ?"

மாமா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"ஓம், ஓம். எங்கடை முறை அதுதான்."

வழி முழுக்கக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டு வந்த அதே வாய். நான் மாமாவைப் பார்த்தேன், மாமா மேளக்காரரைப் பார்த்தார்.

மணவறைக்குப் போக முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. பெண்ணின் சித்தி மகள் பலேர்மோவிலேயே பிறந்தவள். அவளைக் கூட்டிக்கொண்டு போய், எங்களை ஏற்றாமல் ஏன் போனீர்கள் என்று அவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். அவர் பேசப் பேச அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, இவையின்ரை ஊரிலை திருவிழாவுக்குச் சுருவத்தை, அதான் புனிதரின்ரை சிலையை, தூக்கிக்கொண்டு போகேக்கை, அதோடை சேர்ந்து ஒருத்தரும் ஏறிப் போகமாட்டினமாம். நீங்கள் எல்லாரும் நிண்டு கும்பிட்ட விதத்தைப் பார்க்க, இதுவும் அப்பிடி ஒண்டு, தனியாத்தான் போகோணும் எண்டு விளங்கினதாம். பெல்ற் வேறை போட்டிருந்ததாம். வழி முழுக்க ரேடியோவும் போடேல்லையாம்."

"போன் அடிச்சதே?" என்றேன் நான்.

அவள் கேட்டாள். அவர் என் கைப்பையைக் காட்டி ஏதோ சொன்னார். பையைத் தட்டத்தோடு உள்ளே கொண்டுவந்து கதிரையில் வைத்திருந்தார், பையின் சிப் இழுத்து மூடியபடியே இருந்தது. ஒரு பெண்ணின் கைப்பையைத் திறக்கத் தன்னால் முடியாது என்றாராம். அடித்த மணி ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டாராம். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. முகப்பூச்சு கலைந்து, கல்யாணப் படங்களில் அரைவாசியில் நான் அந்தக் கோலத்தில்தான் இருக்கிறேன்.

குறித்த முகூர்த்தத்தில் தாலி கட்டினான் தம்பி. கெட்டிமேளம் முழங்க எல்லோரும் அறுகரிசி போட்டபோது, பின்னால் நின்ற சாரதியின் கையிலும் யாரோ கொஞ்சம் கொடுத்திருந்தார்கள். அவர் அதை எறியாமல், என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பாடு பரிமாறினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனால் சோறு மூன்றாம் தரமும் விழுந்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பலேர்மோவில் சில வீடுகளில் தட்டத்தை ஒரு ஆளோடு முன்னால் அனுப்பும் வழக்கம் தொடங்கியிருப்பதாகத் தம்பி மனைவி சொல்கிறாள். ஜேர்மன்காரரின் ஒழுங்கு என்று பேராம். மாமா மறுப்பதில்லை.

தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வரும்போது கழுத்தில் அந்தக் கொடியைப் பார்ப்பேன். அம்மாவுக்கு அதில் தன் காப்புத் தெரியும். எனக்கு, அன்று காலை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வராத அந்தச் சாரதியின் முகம் இப்போது நன்றாகத் தெரிகிறது: கடலோர வீதியில், ரேடியோவை நிறுத்திவிட்டு, என்னவென்றே தெரியாத எங்கள் பொருளைச் சாமியாக நினைத்துக் கவனமாகக் கொண்டுபோகும் முகம். அதே வீதியில், கொஞ்சத் தூரம் பின்னால், நாங்கள் அவரைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டு வந்தோம்.