வெறும் பிடிப்புதான்

அந்த விளையாட்டரங்கத்தில் நோய் என்று ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் பிடிப்பு. முட்டி வீங்கினாலும் பிடிப்பு, குதிகால் எரிந்தாலும் பிடிப்பு. வேறு பெயர் சொன்னால் மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்வார், அணிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதனால் ஓட்டக்காரப் பெண்கள் வாயைத் திறந்தாலே பிடிப்புதான்.

இந்த ஒற்றை நோய்க்குப் பதினெட்டு வருடமாகக் கைவைத்தியம் பார்ப்பவள் தைலக்கா. மாடிப்படிக்குக் கீழே அறை, ரெக்சின் கிழிந்த ஒரு கட்டில், எந்நேரமும் தைல வாடை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவள் போடும் டேப் கட்டுக்குத் தனி மரியாதை. நுனியை உள்பக்கமாக மடித்துச் செருகிவிடுவாள். எவ்வளவு வியர்த்தாலும் பிரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மடிப்பைச் சொல்லிக்கொடுத்தாள். அந்த விஷயத்தில் கொஞ்சம் பெருமைக்காரிதான்.

தேர்வு ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில் எண்ணூறு வந்து கட்டிலில் ஏறினாள். ஓடுவது எண்ணூறு மீட்டர், அதனால் அந்தப் பெயர். பத்தொன்பது வயது, சரியான வாயாடி. அன்று கப்சிப் என்றிருந்தாள்.

"என்னடி?"

"பிடிப்புக்கா."

தைலக்கா கணுக்காலிலிருந்து மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். சதை வலி என்றால் கை வைத்த இடமெல்லாம் வலிக்கும். இவளுக்கு முன்னெலும்பில் பொட்டளவு இடத்தில் மட்டும் உயிர் போயிற்று. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள். எண்ணூறு குதிக்கவில்லை, அழுதாள்.

"எலும்புல கீறல்டி. இதோட ஓடினா ரெண்டா போயிடும்."

"நாலு வருஷமா இதுக்குத்தான்கா ஓடுறேன். நாளைக்கு ரெண்டே நிமிஷம். கட்டு மட்டும் போட்டு விடுங்க."

தைலக்கா உடல்தகுதிச் சீட்டில் 'எலும்பு, ஓடக் கூடாது' என்று எழுதினாள். சற்று நேரத்தில் பயிற்சியாளர் அந்தச் சீட்டோடு வந்து நின்றார்.

"நீ என்ன டாக்டரா? பிடிப்புன்னு எழுது."

"எழுத மாட்டேன் சார். கட்டும் போட மாட்டேன்."

அவர் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். மருத்துவரிடமே சொல்லிவிடலாம் என்று போனால் அவர் அறை பூட்டிக் கிடந்தது. தைலக்கா வேலை போனாலும் போகட்டும், கால் பிழைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கட்டு இல்லாமல் அந்தப் பெண்ணால் வேகமாக நடக்கக்கூட முடியாது.

மறுநாள் எட்டுப் பேர் வரிசையில் எண்ணூறும் நின்றாள். தைலக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வேலிவரை போனாள். எண்ணூறின் முழங்காலுக்குக் கீழே கச்சிதமான வெள்ளைக் கட்டு. நுனி உள்பக்கமாக மடித்துச் செருகியிருந்தது. போன வருடம் தைலக்காவே அவளை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தது. அதை மறந்தே போயிருந்தாள்.

"ஓடாதடி!" என்று கத்தினாள். துப்பாக்கி வெடித்துவிட்டது.

எண்ணூறு இரண்டாவதாக வந்தாள். பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. பயிற்சியாளர் கை தட்டினார். கோட்டைத் தாண்டி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தைலக்கா ஓடிப்போய் மண்டியிட்டாள். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கட்டு மட்டும் பிரியவே இல்லை. தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

மருத்துவர் பெட்டியோடு ஓடி வந்துகொண்டிருந்தார். எண்ணூறு தைலக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"பிடிப்புன்னே சொல்லிடுங்கக்கா."