நரியின் காலுக்கு ரப்பர்

பிரிட்ஜிங் விசாவில் இருப்பவனுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் இல்லை. முதலாளி எதைக் கேட்டாலும் முதலில் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். கேட்டது என்ன என்பதைப் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன். கொங்கிறீட் போடத் தெரியுமா என்றார்கள், அதுவும் தெரியும். நாங்கள் குடியிருந்த ஸ்பிரிங்வேலில் இருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி இருந்த முட்டைப் பண்ணையின் கொட்டகைக்குள் நின்றபடி, நரிக்குப் பொறி வைக்கத் தெரியுமா என்று எங்கள் பொஸ் கேட்டபோதும் என் தலை தானாக ஆடியது.

ஊரில் நான் கணித ரியூசன் வாத்தியார். ஓ.எல். சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் படிப்பித்தவன். வாழ்க்கையில் நான் பிடித்தது கடைசி வாங்கில் நித்திரை கொண்ட பிள்ளைகளை மட்டும்தான். ஆனால் பொஸ்ஸைப் பொறுத்தவரை இலங்கை என்றால் காடு, யானை, கிரிக்கெட், சண்டை. அங்கிருந்து படகேறி வந்தவனுக்குப் பொறி வைக்கத் தெரியாமல் போகாது என்று அவர் முன்பே முடிவு கட்டியிருந்தார். கேள்வி வெறும் மரியாதைக்குத்தான்.

நல்ல மனிதர். அறுபது தாண்டியவர். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி முதல் நாளே சொன்னார். எனக்கு வாயில் வரவில்லை, அதனால் பொஸ் என்றே கூப்பிட்டேன். அவரிடம் நான் வெளியில் மேயும் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். என் மனைவி உள்ளே முட்டை அடுக்கினாள். அந்த வசந்தத்தில் ஒரு நரி வரத் தொடங்கியது. ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போகப் பத்துக் கோழியைக் கொன்றது. மாதம் முடிவதற்குள் நரி பிடிபடாவிட்டால் வெளிக் கோழிகளை மொத்தமாக விற்றுவிடப் போவதாக பொஸ் சொன்னார். வெளிக் கோழி இல்லையென்றால் அங்கே எனக்கு வேலை இல்லை.

வேலை போவது பழகிய விஷயம். இந்த முறை அதோடு ஒரு கடிதமும் போகப் பார்த்தது. எங்கள் அகதி வழக்கு ஒருமுறை மறுக்கப்பட்டு, மறுபடி எடுக்கப்படவிருந்தது. அது முடியும்வரைதான் இந்தப் பிரிட்ஜிங் விசா. முதலில் மறுத்த அதிகாரி, நான் நம்பத்தகுந்தவன் இல்லை என்று எழுதியிருந்தார். நான் நிரந்தரமாக வேலை செய்பவன், நல்ல குணமுள்ளவன் என்று முதலாளி ஒருவர் எழுதித் தந்தால் பெரிய உதவி என்று எங்கள் லோயர் அம்மா சொல்லியிருந்தா. நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேல் விழுந்து கடிக்காமல் போனால் சரி என்பார்கள். இந்த நரி வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை, நேரே என் விசாவின் மேல் விழுந்தது.

கொட்டகையில் நாலு பழைய பொறிகள் ஆணியில் தொங்கின. பொஸ்ஸின் தகப்பனார் முயல் பிடித்தவை. இரும்புப் பட்டை ஒன்றைக் கொண்டையூசி மாதிரி இரண்டாக மடித்துச் செய்த நீண்ட வில், அதன் நுனி வளையத்துக்குள் பல்லுப் பல்லாக இரண்டு தாடைகள், நடுவில் ஒரு சின்னத் தட்டு. வில்லைக் காலால் மிதித்தால் தாடைகள் விரியும். தட்டின் கொளுவியில் மாட்டிவிட்டுக் காலை எடுக்க வேண்டும், அதற்கு முன் கையை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் என்ன நடக்கும் என்பதை முதல் நாள் என் பெருவிரல் கற்றுக்கொண்டது. நல்லகாலம், பொஸ் பார்க்கவில்லை.

பொறியை அப்படியே வைக்க முடியாது, பல்லுள்ள பொறி சட்டவிரோதம் என்று சொல்லி பொஸ் அரசாங்கத்தின் வழிகாட்டித் தாள்களைக் கொண்டுவந்து தந்தார். பல் இருக்கக் கூடாது. தாடைக்கு ரப்பர் போட வேண்டும். மூடிய பிறகும் தாடைகளுக்கு இடையில் இடைவெளி இருக்க வேண்டும். நரி திரும்பினால் கால் முறுகாமல் இருக்கச் சங்கிலியில் சுழல் வளையம், இழுத்தால் அதிராமல் இருக்க இன்னொரு சின்ன ஸ்பிரிங். நான் வாசித்துக்கொண்டே போனேன். எனக்கு நரியின் மீது பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டில் குசினிக் கதிரையில் இருந்து மனைவிக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். பொறியை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்க வேண்டும், அகப்பட்ட மிருகத்தை ஒரு நாளுக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது என்ற இடம் வந்தது. அவள் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"எங்களை?" என்றாள்.

தடுப்பு முகாமில் நாங்கள் இருந்தது இருபத்தியிரண்டு மாதம். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க வீட்டுப் பின்வளவில் வேலை. பற்களை அரத்தால் அராவி எடுத்தேன். கழித்த டயரில் பட்டிகள் வெட்டித் தாடைகளில் திருகாணியால் பூட்டினேன். பென்சில் தடிப்புக்கு இடைவெளி வருமாறு தாடைகளை நெம்பினேன். சின்னப் பிராணி மிதித்தால் தட்டு விழக் கூடாது என்பதற்காகத் தட்டின் திருகாணியை இறுக்கி, ஒரு கிலோ சீனிப் பையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சீனிக்கு விழக் கூடாது, சீனியும் பருப்பும் சேர்ந்தால் விழ வேண்டும். பத்தாவது தடவை சரியாக விழுந்தது. வாத்தியார் புத்தி லேசில் போகாது.

பிறகு வாசனை. நரிக்கு மூக்குத்தான் படிப்பு என்றார் பொஸ். பொறியில் மனித வாசம் துளியும் இருக்கக் கூடாது. ஒரு தகர டின்னில் மரப்பட்டையோடு பொறிகளைப் போட்டுக் கறுக்கும்வரை அவித்தேன். உருக்கிய மெழுகில் தோய்த்துக் காய வைத்தேன். கழுவிய பெட்டிக்குள் வைத்து மூடி, இதை யாரும் தொடக் கூடாது என்று மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன். அவள் ஓம் என்றாள். மறுநாள் நான் புதுக் கையுறை வாங்கக் கடைக்குப் போய் வந்தேன்.

திங்கட்கிழமை வேலியோரம் பொறிகளை வைத்தேன். சின்னக் குழி தோண்டி, அதற்குள் பழுதான முட்டையும் கோழிக் குடலும். குழிக்கு முன்னால் பொறி. அதன்மேல் மனைவியின் அரிதட்டால் அரித்த மண். நரி எடுத்து வைக்கும் எட்டு எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் வந்து மூக்கை நீட்டும், முன்னங்கால் எங்கே விழும் என்று முக்கோணம் போட்டுக் கணக்குப் பார்த்தேன். விடை சரி. ஆனால் நரி என் ரியூசனுக்கு வந்ததில்லை.

பத்து நாள் ஒன்றுமில்லை. காலடிகள் மட்டும் இருந்தன. பொறிக்கு மூன்றடி தூரம்வரை நேரே வந்து, அங்கே நின்று, அழகாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பிப் போயிருந்தது. ஒரு நாள் பொறியின் பக்கத்திலேயே மலம் கழித்துவிட்டுப் போயிருந்தது. என் கற்பித்தல் பற்றி இவ்வளவு வெளிப்படையாக யாரும் அதுவரை கருத்துச் சொன்னதில்லை.

பதினோராம் நாள் பொஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காது சிவந்துபோய், கோபிக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, ஒருவேளை உங்கள் சாப்பாடாக இருக்குமோ என்றார். மசாலா வியர்வையில் வருமாமே, தான் எங்கேயோ வாசித்தாராம். கன்னத்தில் அறைந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினேன். அன்று தொடங்கி நான் பாணும் அவித்த முட்டையும் மட்டும் தின்றேன். வாசமில்லாத சவுக்காரத்தில் குளித்தேன். என் உடுப்பை அப்பச்சோடாவில் தனியாகத் தோய்த்து வெளியில் காய வைத்தேன். மனைவி தாளிக்கும் நேரம் காருக்குள் போய் இருந்தேன். நரிக்காக நான் பிடித்த இந்த விரதத்தைக் கந்தசஷ்டிக்குப் பிடித்திருந்தால் முருகனே நேரில் விசா கொண்டுவந்து தந்திருப்பார்.

விரதத்தின் ஐந்தாம் நாளும் பொறி சும்மாதான் கிடந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, இனி வேலை இல்லை, கடிதமும் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பூசை செய்து குடுத்தும் அம்பிடேல்லையோ?" என்றாள்.

விசாரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கையுறை வாங்கப் போன நேரம், பெட்டியைத் திறந்து, நாலு பொறியையும் சாமித் தட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்து, ஒவ்வொரு வில்லுக்கும் விபூதி பூசி, சந்தனம் வைத்து, சாம்பிராணி காட்டி, கர்ப்பூரமும் கொளுத்தியிருக்கிறாள். நான் பேசுவேன் என்று பயந்து, பிறகு ஈரத் துணியால் துடைத்துத் திரும்ப வைத்திருக்கிறாள். மெழுகு எல்லா வாசத்தையும் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறது. பண்ணையின் வேலியோரம் பத்துப் பதினைந்து நாளாக நாலு சின்னக் கோயில்கள் இருந்திருக்கின்றன. நரி பக்தியாகச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நான் கத்தினேன். ஆயுதத்துக்குப் பூசை செய்யாமல் ஆராவது தொழில் தொடங்குவினமோ என்று அவளும் கத்தினாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பழைய காருக்கும் ரைஸ் குக்கருக்கும் அவள்தான் பொட்டு வைத்தாள். வழக்குக் கோப்பின் முதல் பக்கத்தில் விபூதி பூசியபோது நான் பக்கத்தில் கைகூப்பி நின்றவன். ஏசிக் களைத்த பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அன்று மீன் குழம்பு வைக்கச் சொல்லி வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

பொறிகளைத் திரும்ப அவித்து, திரும்ப மெழுகில் தோய்த்து, இந்த முறை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கொட்டகையிலேயே காய வைத்து, வேலியோரம் புதைத்தேன். நாலாம் நாள் காலை நரி முகத்தில் விழித்தேன். முன்னங்கால் ரப்பருக்குள் இருந்தது. நரி குந்தியிருந்து என்னைப் பார்த்தது. நான் நினைத்ததைவிட மிகவும் சின்ன மிருகம். மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

பொஸ் துவக்கோடு வந்தார். அதன் கழுத்தைத் தடியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, தோல்கூடச் சிவக்கவில்லை என்று மெச்சினார். இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். காலைப் படம் எடுத்தார். பிறகு எழும்பி, இரண்டடி பின்னால் வந்து, அதைச் சுட்டார்.

மனைவிக்கு உள்ளே சத்தம் கேட்டிருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது, காயம் ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"பிறகேன் சுட்டவர்?"

அந்த வழிகாட்டித் தாள்களில் அதற்கு விளக்கம் இருந்திருக்கும். நான் தேடவில்லை.

நான் கேட்ட கடிதம் அந்த வாரமே வந்தது. பொஸ் இரண்டு பின்னேரம் செலவழித்துத் தன் கையாலேயே தட்டச்சு செய்திருந்தார். லோயரின் அறையில் நானும் மனைவியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். லோயர் வாசித்தா. முதலில் சிரித்த முகம், போகப் போக மாறியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டா.

கடிதத்தில் இப்படி இருந்தது. இவர் தன் சொந்த நாட்டிலேயே நிலத்தில் பொறிகளைப் புதைத்து வைப்பதில் நீண்ட அனுபவம் பெற்றவர். மண்ணை எவ்வளவு நுட்பமாக மூடுவார் என்றால், அந்த இடத்தில் ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. எத்தனை நாளானாலும் பொறுமையாகக் காத்திருக்கக் கூடியவர்.

நான் யாழ்ப்பாணத்து வாத்தியார், எந்த ஆயுதமும் தொட்டதில்லை, எந்தப் பயிற்சியும் எடுத்ததில்லை என்று எங்கள் வாக்குமூலத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது. இதை வாசிக்கப் போகிறவருக்கு நரியைத் தெரியாது, வன்னிச் சண்டையைத்தான் தெரியும் என்றா லோயர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, எங்களுக்குக் கண்ணிவெடியாய் முடிந்தது.

பொஸ்ஸிடம் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். எனக்குப் பொறி வைக்கத் தெரியாது, தெரியும் என்று சொன்னது பொய், முதல் நாள் அவர் காணாமல் என் பெருவிரல் நசிந்ததுகூட அதனால்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. நான் ஏற்கனவே சொன்னேன், அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் பாதி உண்மை எழுத மாட்டார்கள். புதுக் கடிதத்தில், இவர் கடும் உழைப்பாளி, கெட்டிக்காரர், பொறி வைப்பதை இங்கேதான் தானாகக் கற்றார் என்று எழுதிவிட்டு, தொடக்கத்தில் இவர் என்னிடம் பொய் சொன்னார், அதை நான் மன்னித்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தார்.

இரண்டு கடிதமும் லோயரின் மேசையில் கிடந்தன. ஒன்றில் நான் போராளி, மற்றதில் பொய்யன். இன்னொரு தரம் எழுதக் கேட்டால் பொஸ் என்ன நினைப்பார் என்று எனக்குக் கூச்சம். அதற்கு நேரமும் இல்லை, மறுநாள் கோப்பைக் கொடுத்தாக வேண்டும். எதை வைக்கலாம் என்று லோயர் என்னைக் கேட்டா. நான் மனைவியைப் பார்த்தேன்.

"பொய் சொன்னவர் எண்டே இருக்கட்டும்," என்றாள். "அது உண்மைதானே."

லோயர் இரண்டாவதைக் கோப்பில் வைத்தா. முதலாவதை என்னிடம் நீட்டி, இது யார் கண்ணிலும் படக் கூடாது என்றா. ரயில் நிலையத்து வாங்கில் இருந்து அதை இன்னொரு தரம் முழுதாக வாசித்தேன். இந்த நாட்டில் குறை ஒன்றும் சொல்லாமல் என்னைப் புகழ்ந்து ஒருவர் எழுதிய ஒரே கடிதம் அது. இரண்டு பின்னேரம் இருந்து எழுதியது. வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.