ஓர் உலை நேரம்

அடுப்பை மூட்டி உலை வைத்ததும் அம்சவள்ளியின் நாடகம் தொடங்கிவிடும். சோறு வெந்து பானையை இறக்கினால் முடிந்தது. நடுவில் திரை விழாது. ‘மறுநாள்’ என்று கதை தாவக் கூடாது. நேரத்தைக் குறைக்க எரிகிற விறகை உள்ளே தள்ளக் கூடாது, கூட்ட வெளியே இழுக்கவும் கூடாது.

மணலூர்பேட்டையில் அவருக்குத் தையல் கடை. ஜாக்கெட் தைத்தபடியே வசனம் சொல்லிப் பார்ப்பார். வாயில் குண்டூசி இருக்கும்போது மாமியார் வசனம் நன்றாக வரும்.

எல்லா வருடத் திருவிழாவிலும் ஒரே வீட்டு வாசல். கரும்புக் காட்டை விற்பதா வேண்டாமா என்று ஒரே சண்டை. பைக் மெக்கானிக் சின்னராசு சீண்டுவார்: “ஏங்க்கா, ஒரு சீனு மெட்ராசுல வெச்சா இன்னா? பஸ் சார்ஜ் ஜாஸ்தியா?”

“நீ போய்ட்டு வர்றதுக்குள்ள சோறு கொழஞ்சிடும்டா.”

கடைசியில் காட்டுக்காரர் கதவைத் திறந்து, “சோறு ஆச்சா?” என்பார். சண்டை அடங்கிவிடும். அந்த வேடம் எப்போதும் அம்சவள்ளியின் கணவர் நாராயணசாமிக்கு. தை மாதம் அவர் இறந்துபோனார்.

மகன் சிவசங்கர் ஒலிப்பதிவுப் பொறியாளன். சென்ற வருட நாடகத்திலிருந்து அப்பாவின் அந்தக் குரலைப் பிரித்தெடுத்து, இரைச்சல் நீக்கி, போனில் கொண்டுவந்திருந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒலிக்கவிடலாம் என்றான்.

அம்சவள்ளி நூலைப் பல்லால் கடித்தார். “போன வருசத்துக் கொரலு இந்த ஒலைக்கி எப்பிடிடா வரும்? இன்னிக்கி இருக்கறவன்தான் வரணும்.”

வேடம் சின்னராசுவுக்குப் போனது.

திருவிழா மாலை. சண்டை உச்சத்துக்குப் போய் ஓய்ந்தது. கதவு திறக்கவில்லை. அதன் பின்னால் சின்னராசு, நாராயணசாமியின் பச்சைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது குலுங்கிக்கொண்டிருந்தார். மைக் மேசையிலிருந்த சிவசங்கருக்கு மட்டும் அது தெரிந்தது. அவன் கட்டைவிரல் போன் மேல் நின்றது.

சோற்று மணம் கூட்டத்துக்குள் பரவியது. வருடா வருடம் முன்வரிசைப் பெண்கள், “வெந்துட்ச்சி, எறக்குக்கா” என்று குரல் கொடுத்துச் சிரிப்பார்கள். இன்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அம்சவள்ளி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். வெந்திருந்தது. மூடிய கதவைப் பார்த்தார்.

பிறகு குனிந்து, எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்து வைத்தார்.